மண் கூறும் சான்று

உழவர்க்குப் பருவந்தோறும் எழும் வினாக்கள் பல. எந்நாளில் விதைப்பது, எவ்வளவு நீர் பாய்ச்சுவது, எந்த உரத்தை எவ்வளவு இடுவது என்பன அவற்றுட் சில. இவ்வினாக்களுக்கு நெடுங்காலமாக விடை கூறி வந்தது பட்டறிவே ஆகும். தந்தை கண்டதை மகன் கேட்டான். மகன் கண்டதைப் பேரன் கேட்டான். இவ்வாறு தலைமுறை தலைமுறையாகத் திரண்ட அறிவு போற்றத்தக்கது என்பதில் ஐயமில்லை. ஆயினும், பட்டறிவுக்கும் ஓர் எல்லை உண்டு. கண்ணுக்குப் புலனாகும் பொருள்களைப் பற்றியே அது பேச வல்லது. வயலில் இட்ட ஒரு மூட்டை உரத்தில் எத்தனை பங்கு பயிரினுள் புகுந்தது, எத்தனை பங்கு மண்ணில் தங்கிற்று, எத்தனை பங்கு நீரோடும் காற்றோடும் கலந்து மறைந்தது என்று வினவினால், பட்டறிவு விடை கூற இயலாது நிற்கும்.

விடை தெரியாத இடத்தில் மனிதன் செய்வது யாது? ஊகிக்கிறான். ஒரு மூட்டை இட்டு விளைந்தது போதவில்லை எனின், இரண்டு மூட்டை இட்டால் இரு மடங்கு விளையும் என்று எண்ணுகிறான். இவ்வெண்ணம் உழவனின் கைப்பொருளைக் கரைக்கிறது. நிலத்தின் வளத்தையும் கெடுக்கிறது. ஊகத்தை விடுத்து உண்மையை அளந்தறிந்த பின்னரே உரமிடுதல் வேண்டும். அவ்வாறு அளந்தறிதற்கு இன்றைய அறிவியல் அளித்துள்ள கருவிகளுள் தலைசிறந்தது ஐசோடோப்பு முறை.

ஐசோடோப்பு என்பது யாது? எல்லாப் பொருள்களும் அணுக்களால் ஆனவை. அணுவின் நடுவே அணுக்கரு உள்ளது. அதனுள் புரோட்டான்களும் நியூட்ரான்களும் செறிந்துள்ளன. ஒரு தனிமம் இன்னதென உறுதி செய்வது புரோட்டான்களின் எண்ணிக்கையே. பாஸ்பரஸ் அணு ஒவ்வொன்றிலும் 15 புரோட்டான்கள் உள. இயற்கையிற் கிடைக்கும் பாஸ்பரஸ் அணுவில் அவற்றோடு 16 நியூட்ரான்களும் இருத்தலின், அது பாஸ்பரஸ்-31 எனப்படுகிறது. நியூட்ரான் ஒன்று மிகுந்து 17 ஆயின், அது பாஸ்பரஸ்-32 ஆகிறது. இரண்டும் பாஸ்பரஸே, வேதியியற் பண்பில் வேறுபாடு இல்லை. தனிமங்களின் அட்டவணையில் ஒரே இடத்தில் அமர்வன ஆதலின், இத்தகைய அணு வகைகளை ஐசோடோப்புகள் என்று 1913-ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் பிரடெரிக் சாடி வழங்கினார். 'ஒரே இடம்' என்னும் பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து பிறந்த பெயர் அது.

ஒரே தாய் வயிற்றில் பிறந்த இரட்டையர் நடையிலும் உருவிலும் ஒத்திருத்தல் போல, ஐசோடோப்புகள் பண்பில் ஒத்திருக்கின்றன. பயிரின் வேரும் அவற்றிடையே பெரும்பாலும் வேறுபாடு காண்பதில்லை. இரண்டனையும் ஒன்று போலவே உறிஞ்சுகிறது. ஆனால், அறிவியலாரின் கருவி அவற்றைப் பிரித்தறியும். பாஸ்பரஸ்-32 நிலையற்றது, கதிர்களை வீசிக் கந்தகமாக மாறுவது. அக்கதிர்களைக் கைகர் எண்ணி போன்ற கருவிகள் எண்ணிக் காட்டும். பயிர் அறியாத வேறுபாட்டைக் கருவி அறியும் என்னும் இவ்வுண்மையே ஐசோடோப்பு முறையின் அடிப்படை.

இம்முறை பிறந்த வரலாறு, தோல்வியிலிருந்தும் அறிவு பிறக்கும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கேரி நாட்டில் தோன்றிய ஜார்ஜ் ஹெவெசி என்னும் இளைஞர், 1911-ஆம் ஆண்டில் மான்செஸ்டர் நகரில் ரதர்போர்டின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். காரீயத்தோடு கலந்து கிடந்த ரேடியம்-டி என்னும் கதிரியக்கப் பொருளைப் பிரித்தெடுக்கும் பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் எத்துணை முயன்றும் பிரிக்க இயலவில்லை. இயலாமைக்குக் காரணம் பின்னர்ப் புலப்பட்டது: ரேடியம்-டி என்பதும் காரீயத்தின் ஐசோடோப்புகளுள் ஒன்றே. மற்றொருவராயின் மனம் சோர்ந்திருப்பர். ஹெவெசியோ, பிரிக்க இயலாத இணை எனின், ஒன்று செல்லும் இடமெல்லாம் மற்றொன்றும் செல்லும் அன்றோ, அதனை ஏன் அடையாளமாகக் கொள்ளலாகாது என்று எண்ணினார். 1913-ஆம் ஆண்டில் வியன்னா நகரில் பனெத் என்னும் அறிஞருடன் கூடி அவ்வெண்ணத்தைச் செயலாக்கினார்.

பத்தாண்டுகள் கழித்து, 1923-ஆம் ஆண்டில், கோபன்ஹேகன் நகரில் இருந்த ஹெவெசி, மொச்சை இனத்தைச் சேர்ந்த செடிகளைக் காரீயக் கரைசலில் நிறுத்தினார். அக்காரீயத்தில் கதிரியக்கம் உடைய அணுக்கள் சிறிதளவு கலந்திருந்தன. பின்னர் வேர், தண்டு, இலை ஆகியவற்றைத் தனித்தனியே சோதித்தார். உறிஞ்சப்பட்ட காரீயத்தில் பெரும்பகுதி வேரிலேயே தங்கியிருத்தலையும், மேலேறியது மிகச் சிறிதே என்பதையும் கண்டார். உயிருள்ள செடியினுள் ஒரு பொருள் செல்லும் வழியை ஐசோடோப்பின் துணையால் மனிதன் பின்தொடர்ந்தது அதுவே முதன்முறை. வேதியியலுக்கான 1943-ஆம் ஆண்டின் நோபெல் பரிசு ஹெவெசிக்கு வழங்கப்பட்டது.

மந்தைகள் பல கூடி மேயும் வெளியில் தன் ஆடுகள் எவை என்று அறிய விரும்பும் இடையன், அவற்றின்மீது செங்காவியால் அடையாளம் இடுகிறான். மாலையில் எந்தப் பட்டியில் எத்தனை ஆடுகள் அடைந்தன என்பதை அவ்வடையாளமே கூறிவிடும். வயலிலும் நிகழ்வது இதுவே. மண்ணிலும் பாஸ்பரஸ் உண்டு. உரத்திலும் பாஸ்பரஸ் உண்டு. பயிரினுள் புகுந்த பின் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. எது மண் ஈந்தது, எது உழவன் ஈந்தது என்று எவ்வாறு பிரித்தறிவது? உரத்தில் மட்டும் பாஸ்பரஸ்-32 சிறிதளவு சேர்த்துவிட்டால் போதும். உரத்தில் ஒரு கிராம் பாஸ்பரஸிலிருந்து வெளிப்படும் கதிர்களின் அளவை நூறு என்று கொள்வோர், பயிரில் ஒரு கிராம் பாஸ்பரஸிலிருந்து வெளிப்படுவது இருபத்தைந்து எனக் காண்பாராயின், பயிரிலுள்ள பாஸ்பரஸில் நாலில் ஒரு பங்கு உரத்திலிருந்தும், எஞ்சிய முப்பங்கு மண்ணிலிருந்தும் வந்தன என்பது தெளிவு. கணக்கு இத்துணை எளியது.

உரமிட்ட வயலின் விளைவிலிருந்து உரமிடாத வயலின் விளைவைக் கழித்தால், உரம் தந்த பயன் தெரிந்துவிடாதோ என்று சிலர் வினவலாம். உழவனுக்கு எவ்வளவு நெல் மிகுந்து கிடைத்தது என்பதை அக்கழித்தல் காட்டும், மறுப்பதற்கில்லை. ஆனால், இட்ட உரம் எங்குச் சென்றது என்பதை அது காட்டாது. உரம் பெற்ற பயிர் செழித்து வேர்களை நெடுந்தொலைவு ஓட்டுகிறது. அதனால் மண்ணிலுள்ள சத்தையும் முன்னினும் மிகுதியாக உறிஞ்சுகிறது. அம்மிகுதியையும் உரத்தின் கணக்கில் எழுதிவிடுதல் பிழையாகும். அடையாளமிட்ட அணு இப்பிழைக்கு இடந்தருவதில்லை.

தழைச்சத்தாகிய நைட்ரஜனை ஆராய்வதற்கு வேறொரு வழி வேண்டியிருந்தது. நைட்ரஜனின் கதிரியக்க ஐசோடோப்புகளுள் நெடிது நிற்பதுங்கூடப் பத்து நிமிடங்களிற் பாதியாகக் குறைந்துவிடும். ஒரு போகம் முழுவதும் பின்தொடர்வதற்கு அஃது உதவாது. ஆனால், நைட்ரஜன்-15 என்னும் ஐசோடோப்பு கதிர் வீசாதது, என்றும் நிலையானது. இயற்கையில் ஆயிரம் நைட்ரஜன் அணுக்களில் ஏறத்தாழ நான்கு இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றின் விகிதத்தை மிகுவித்து உரம் செய்து, பின்னர்ப் பயிரிலும் மண்ணிலும் அவ்விகிதத்தை நிறைமாலைமானி என்னும் கருவியால் அளந்தறிகின்றனர்.

இவ்வாறு அளந்தறிந்ததன் பயனை நெல் வயலிற் காணலாம். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பும் பன்னாட்டு அணு ஆற்றல் முகமையும் 1964-ஆம் ஆண்டில் கூட்டுப் பிரிவு ஒன்றை வியன்னாவில் நிறுவின. 1960-களில் நெல் விளையும் நாடுகள் பலவற்றில் அறிவியலார் ஒரே திட்டத்தின்கீழ், அடையாளமிட்ட உரங்களைக் கொண்டு சோதனைகள் நடத்தினர். தழைச்சத்தையும் மணிச்சத்தையும் ஒன்று போலவே தூவி வந்த உழவர்க்கு அச்சோதனைகள் ஒரு செய்தியை அறிவித்தன. மணிச்சத்து மண்ணில் நகராதது. இளநாற்றின் வேர்களோ மேல்மண்ணில் பரவுபவை. ஆதலின், மணிச்சத்தை மேற்பரப்பில் இடுதலோ மேல்மண்ணோடு கலத்தலோ நன்று. தழைச்சத்து அவ்வாறன்று. அதனை மண்ணுக்குள் சில அங்குல ஆழத்தில் வைத்தால், மேலே தூவுவதினும் மிகுதியாகப் பயிர் பெறுகிறது.

இதற்குக் காரணம் என்னை? நீர் தேங்கிய நெல் வயலில் மண்ணின் மேற்படலம் மிக மெல்லியதாய் உயிர்வளி உடையது. அதன் அடியிலுள்ள சேறு உயிர்வளி அற்றது. மேலே தூவிய யூரியா நீரிற் கரைந்து அம்மோனியாவாக மாறிக் காற்றில் கலந்துவிடுகிறது. எஞ்சியதில் ஒரு பகுதி மேற்படலத்தில் நைட்ரேட்டாக மாறிக் கீழே இறங்குகிறது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதனைச் சிதைத்து நைட்ரஜன் வளியாக்கி வெளியேற்றிவிடுகின்றன. ஆழத்தில் வைத்த தழைச்சத்தோ களிமண்ணைப் பற்றி நின்று, வேர் வந்து தேடும் வரை காத்திருக்கிறது. ஜப்பானிய மண்ணியலார் இவ்வுண்மையை ஐசோடோப்பு ஆய்வுகளுக்கு முன்னரே உணர்ந்து, உரத்தை மண் உருண்டைகளுள் பொதிந்து புதைக்கும் வழக்கத்தை ஆராய்ந்தனர். அவர்கள் கண்டது சரியே என்பதை அடையாளமிட்ட அணுக்கள் ஐயமற நிறுவின.

இழப்பின் அளவு சிறிதெனக் கருதலாகாது. நெல் வயலில் மேலே தூவப்படும் தழைச்சத்தில் பாதிக்கும் குறைவான பங்கையே, பல இடங்களில் 30 முதல் 40 விழுக்காட்டையே, பயிர் கைக்கொள்கிறது என்று நைட்ரஜன்-15 ஆய்வுகள் காட்டியுள்ளன. யூரியாவில் 46 விழுக்காடு நைட்ரஜன் உளது. 45 கிலோ எடையுள்ள ஒரு மூட்டையில் அடங்கியது ஏறத்தாழ 21 கிலோ. மூன்றில் ஒரு பங்கே பயிரைச் சேருமாயின், பயன்பட்டது 7 கிலோ. எஞ்சிய 14 கிலோவில் ஒரு பகுதி மண்ணில் தங்கும். மற்றது பறந்தோ கரைந்தோ போய்விடும். அவ்வாறு போவது வெறுமனே மறைவதும் அன்று. நைட்ரேட்டாக நிலத்தடி நீரிற் கலந்து குடிநீரைக் கெடுக்கிறது. ஒரு சிறு பகுதி நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வளியாகி வான்வெளியின் வெப்பத்தை மிகுவிக்கிறது. உழவன் விலை கொடுத்து வாங்கிய பொருள், அவன் வயலுக்கும் பயன்படாமல் அவன் அருந்தும் நீரையும் கெடுக்குமாயின், அதனினும் பெரிய கேடு யாது?

இவ்வறிவைச் செயற்படுத்திய நாடும் உண்டு. வங்காள தேசத்தில் யூரியாவை அழுத்தித் திரட்டிய உருண்டைகளை, நெற்பயிரின் வரிசைகளிடையே சேற்றுக்குள் புதைக்கும் முறையை உழவர் பலர் மேற்கொண்டனர். குறைந்த யூரியாவில் குறையாத விளைவு, பல இடங்களில் மிகுந்த விளைவு, அவர்க்குக் கிட்டியது. ஆயினும், ஒவ்வோர் உருண்டையையும் கையால் புதைத்தற்கு ஆள் மிகுதியாக வேண்டும். ஆகவே, அறிவியல் கண்ட உண்மை வயலை அடைவதற்கு நல்ல கருவியும் துணை நிற்றல் வேண்டும் என்பதையும் அவ்வரலாறு உணர்த்துகிறது.

பயறு வகைகளைப் பற்றியும் ஐசோடோப்பு சான்று பகர்கிறது. பயறு விதைத்த நிலம் வளம் பெறும் என்பது உழவர் நெடுங்காலமாக அறிந்தது. வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு ஏற்ற உணவாக மாற்றுவதே அதற்குக் காரணம். ஆனால், எந்தப் பயறு எவ்வளவு ஈட்டுகிறது? மண்ணில் நைட்ரஜன்-15 கலந்துவிட்டால், காற்றிலிருந்து பெறும் நைட்ரஜனில் அவ்வடையாளம் மிகுதியாக இராது. ஆதலின், பயிரில் அடையாளம் எவ்வளவு நீர்த்துப்போயிற்று என்பதைக் கொண்டு, காற்று ஈந்த பங்கு இவ்வளவென்று கணக்கிடலாம். மிகுதியாக ஈட்டும் வகையைத் தேர்ந்து விதைப்போர்க்கு உரச்செலவு குறையும்.

ஐசோடோப்பு என்ற அளவில் அணுகுண்டை நினைந்து அஞ்சுவோர் உளர். 1945-ஆம் ஆண்டில் ஹிரோஷிமாவும் நாகசாகியும் அழிந்த கொடுமையை உலகம் மறவாது, மறத்தலும் ஆகாது. ஆயினும், அச்சம் ஆராய்ச்சிக்கு மாற்றாகிவிடுதல் கூடாது. நைட்ரஜன்-15 கதிர் வீசாத பொருள் என்பது முன்னரே கூறப்பட்டது. பாஸ்பரஸ்-32 கதிர் வீசுவதே, ஆனால், 14.3 நாள்களுக்கு ஒருமுறை அது பாதியாகக் குறையும். 143 நாள்களில் பத்து முறை பாதியாகி, ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைந்துவிடும். மேலும், அஃது உழவர் வயல்களில் தூவப்படுவது அன்று. பயிற்சி பெற்றோர், உரிய காப்புகளோடு, ஆய்வுக்கென ஒதுக்கிய சிறு பாத்திகளில் மட்டுமே கையாளுவது. அங்குக் கிட்டும் உண்மையே ஊரார் வயலுக்கு வருகிறது, அணு வருவதில்லை.

அஞ்சுவோர் ஒருபுறம் இருக்க, அளவிறந்து நம்புவோரும் இருந்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரேடியம் கலந்த உரம் பயிரை ஊக்கும் என்று கூறி விற்றோரும் உண்டு. ஆய்ந்து பார்த்தபோது அந்நம்பிக்கை பொய்த்தது. ஐசோடோப்பு பயிருக்கு உணவன்று. உணவு சென்ற வழியைக் கூறும் சான்று. இவ்வேறுபாட்டை உணர்ந்தோர் வீண் அச்சமும் கொள்ளார். வீண் ஆசையும் கொள்ளார்.

அழிவுக்கென எழுந்ததையும் ஆக்கத்துக்குப் பயன்படுத்தலாம் என்பதற்கு மண் அரிப்பு ஆய்வு சான்றாகும். 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வான்வெளியில் அணுகுண்டுச் சோதனைகளை நடத்தின. அவற்றிலிருந்து எழுந்த சீசியம்-137 மழையோடு இறங்கி உலகெங்கும் படிந்தது. களிமண் துகள்களை இறுகப் பற்றிக்கொண்டது. அது பாதியாகக் குறைதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகும். உழாமலும் அரிக்கப்படாமலும் கிடக்கும் நிலத்தில் உள்ள சீசியத்தின் அளவோடு வயலில் உள்ள அளவை ஒப்பிடுகின்றனர். வயலில் குறைந்திருப்பின் மேல்மண் அரித்துச் செல்லப்பட்டது. மிகுந்திருப்பின் வேற்றிடத்து மண் வந்து படிந்தது. மனிதன் செய்த பிழையின் எச்சமே, அவன் மண்ணை எவ்வளவு இழந்தான் என்பதை இன்று அளந்து கூறுகிறது. அதற்காக அப்பிழையைப் போற்ற வேண்டுவதில்லை. அது கற்பிக்கும் பாடத்தை விடவும் வேண்டுவதில்லை.

இந்திய நாடு இத்துறையில் பின்தங்கி நின்றதில்லை. 1955-ஆம் ஆண்டில் ஜெனீவாவில் கூடிய, அணு ஆற்றலின் அமைதிப் பயன்களைப் பற்றிய ஐக்கிய நாடுகள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் ஹோமி பாபா. மறு ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாளில், பம்பாயை அடுத்த டிராம்பேயில் அப்சரா என்னும் அணு உலை இயங்கத் தொடங்கிற்று. ஐசோடோப்புகளை இந்நாட்டிலேயே ஆக்குதற்கு அது வழி திறந்தது.

கருவியின் விலை மிகுதி, நைட்ரஜன்-15 கலந்த உரத்தின் விலையும் மிகுதி, ஏழை நாட்டுக்கு இச்செலவு தகுமோ என்பது இறுதியாக எழும் தடை. செலவு மிகுதி என்பது உண்மையே. ஆனால், சோதனைக்கு வேண்டுவது சில சதுர அடிப் பாத்தியே ஆகும். அதிற் கண்ட முடிவோ அத்தகைய மண்ணும் நீரும் உடைய வயல்கள் பலவற்றுக்கும் வழிகாட்டும். அளக்காமையின் செலவோ ஆண்டுதோறும் ஒவ்வொரு வயலிலும் நிகழ்வது. ஒரு பாத்தியில் செலவிட அஞ்சி, ஒரு நாட்டின் வயல்களிலெல்லாம் இழப்பது சிக்கனம் ஆகாது.

எனவே, குறை அறிவியலில் இல்லை. கண்ட உண்மை வயலை அடையாமையில் உள்ளது. ஆய்வுக்கூடத்தின் ஏட்டில் உறங்கும் முடிவு, புதைக்கப்பட்ட பொன் போன்றது. அதனை எளிய மொழியில் உழவர்க்கு எடுத்துரைப்போர் வேண்டும். அதற்கு ஏற்ற கருவிகளைச் செய்து தருவோர் வேண்டும். உழவர் கூறும் குறையைக் கேட்டு மீண்டும் ஆராய்வோரும் வேண்டும். இன்று பள்ளியிற் பயிலும் மாணவருள் சிலர் நாளை உழவராவர், சிலர் ஆய்வாளராவர். இவ்விருவரும் ஒருவர் மொழியை மற்றவர் அறிந்து பேசும் நாளில், மண்ணும் தன் உண்மையை மறைக்காது உரைக்கும்.

வயலில் எவ்வளவு கொட்டினோம் என்பதில் பெருமை இல்லை. பயிரை எவ்வளவு சென்று சேர்ந்தது என்பதிலேயே பெருமை உளது. அதனை அளந்தறிந்து இடுவோரே மண்ணையும் காப்பர், மக்களையும் காப்பர்.